காசியம்மா கொல்லையும் உலகத்தார் காலடி மண்ணும்

போன வாரம் பிரவீன் என் வீட்டுக்கு வந்திருந்தான். ஏரி நிலையத்தில் நான் உட்கார்ந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவன் அவன்தான். வந்ததும் வராததுமாக, "மேடம், இனிமே நம்ம கேமரா தானாவே திரும்பிக்குமாம். பறவை எங்க அசைஞ்சாலும் அதுவே தேடிப் புடிச்சுக் காட்டுமாம். ஆளே வேணாமாம்" என்றான்.

"அப்போ நீ இன்னா பண்ணுவ?"

"அது சரியாத் திரும்புதான்னு பார்த்துக்கினு உக்காந்திருப்பேன்."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. காபி டம்ளரை மேசையில் வைத்துவிட்டுத்தான் சிரித்து முடித்தேன். "சிரிக்காதீங்க மேடம். புதுசா சேர்ந்த புள்ளைங்க எல்லாம் கேக்குறாங்க, அந்தக் காலடி மண்ணு கதை நிஜமா, இல்ல நானா அளந்து வுடுறேனான்னு. நீங்களே எழுதிக் குடுத்துடுங்க" என்று கேட்டுவிட்டுப் போனான்.

நிஜம்தான் புள்ளைங்களா. சத்தியமாக நிஜம். எழுதுகிறேன், படித்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் சகுந்தலா. முதல் வேலை டெலிபோன் ஆபரேட்டர். விழுப்புரத்தில் பயிற்சி, திண்டிவனத்தில் போஸ்டிங். காதில் ஹெட்செட், எதிரே ஓட்டை ஓட்டையாக ஒரு பலகை, கை நிறைய ஒயர். ட்ரங்க் கால் வந்தால் இந்த ஓட்டையிலிருந்து அந்த ஓட்டைக்கு இணைப்பு கொடுக்க வேண்டும். மூன்று நிமிஷம் ஆனதும் நடுவில் புகுந்து, "நேரம் முடிஞ்சுது, நீட்டிக்கவா?" என்று கேட்க வேண்டும். மாமியார் சண்டை, மாப்பிள்ளை பார்த்த சமாச்சாரம், எது ஓடினாலும் சரி, கேட்டே ஆக வேண்டும். எத்தனை பேர் என்னைத் திட்டியிருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்! நான் சளைத்ததே இல்லை. அப்புறம் எல்லாரும் அவரவர் விரலாலேயே நம்பரை அழுத்திப் பேச ஆரம்பித்தார்கள். பலகையைக் கழற்றிக் கொண்டு போய்விட்டார்கள். சில வருஷம் ஏதோ ஒரு மேசையில் உட்கார வைத்தார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அப்போதுதான் ஏரி நிலையத்தில் ஆள் எடுத்தார்கள். திண்டிவனத்துக்கும் மரக்காணத்துக்கும் நடுவில் ஒரு பெரிய ஏரி. அதன் கரையில் இரும்புக் கோபுரம், கோபுரத்தின் தலையில் ஒரு கேமரா. உலகத்தில் எந்த மூலையில் இருக்கிறவரும் போனைத் திறந்து, எங்கள் இணையப் பக்கத்துக்கு வந்து, அம்புக்குறியைத் தொட்டால் கேமரா திரும்பும். இடது, வலது, மேலே, கீழே, கிட்டத்தில், தூரத்தில். ஒருத்தருக்கு இரண்டு நிமிஷம். அவர் திருப்பும்போது மற்றவர்கள் வரிசையில் காத்திருந்து அவர் காட்டுவதைப் பார்க்கலாம். பறவைகளைப் பார்க்கட்டும் என்று வைத்த கேமரா. கட்டணம் கிடையாது. தலைமை ஆபீஸ் விழுப்புரம், கண்ட்ரோல் ரூம் திண்டிவனத்தில் ரயிலடிக்குப் பக்கத்து மாடி.

நேர்காணலில் செல்வநாயகம் சார் கேட்டது ஒரே கேள்வி. "ஜனங்க வரிசையில நின்னா உங்களுக்குக் கோபம் வருமா?"

"வரிசையில நிக்காதவங்களைப் பார்த்தாத்தான் சார் வரும்."

வேலை கிடைத்துவிட்டது.

வேலை முறையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இப்போதைய பிள்ளைகள் பாதியை மறந்துவிட்டார்கள். காலையில் வந்ததும் கேமராவை மேலும் கீழும் இரண்டு தடவை ஆட்ட வேண்டும். சும்மா தலையாட்டுகிற மாதிரி. கழுத்து இறுகியிருந்தால் அதில் தெரிந்துவிடும். இது விதிமுறையில் கிடையாது, நானாக வைத்துக்கொண்டது. அப்புறம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு முழுச் சுற்று. அப்புறம் கண்ணாடி. தூசு என்றால் இங்கிருந்தே தண்ணீர் பீய்ச்சிக் கழுவலாம். காக்கா எச்சம் என்றால் அப்போது எனக்கு உதவியாளாக இருந்த பிரவீன்தான் கோபுரம் ஏறணும். சிலந்தி வலை கட்டிவிட்டால் அன்றைக்கு ரகளைதான். கண்ணாடி மேல் நடக்கிற சுண்டுவிரல் சிலந்தி, பார்க்கிறவர்களுக்கு எருமை அளவு தெரியும். "உங்கள் ஏரியை ஒரு மிருகம் கடந்து செல்கிறது, உடனே கவனிக்கவும்" என்று ஒருத்தர் பதறிப்போய் எழுதியிருந்தார். நானும் பிரவீனும் அன்றைக்குச் சாப்பிடவே இல்லை, அவ்வளவு சிரிப்பு.

யாரும் திருப்பாத நேரத்தில் கேமரா தானாக ஒரு இடத்தில் வந்து நிற்கும். அந்த இடத்துக்கு நாங்கள் வைத்த பெயர் வீடு. கேமரா வீட்டுக்குப் போயிடுச்சு என்போம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், எல்லா வம்பும் இங்கேதான் ஆரம்பம்.

வருகிறவர்களும் ஒவ்வொரு தினுசு. கண்டாச்சிபுரத்தில் ஒரு டீச்சர் தினமும் வகுப்புக்கே போட்டுக் காட்டுவார். திண்டிவனத்திலேயே ஒரு அம்மா, வடகம் காயப்போடுவதற்கு முன்னால் ஏரிப் பக்கம் மேகம் கட்டியிருக்கிறதா என்று திருப்பிப் பார்த்துவிட்டுப் போவார். குளிர் நாட்டுக்காரர் ஒருத்தர் எங்கள் எருமைகளிடம் மனசைப் பறிகொடுத்திருந்தார். பூநாரை கூட்டம் வந்து இறங்கினாலும் அவர் எருமையைத்தான் தேடுவார். ஒரு காக்கா கேமரா மேலேயே உட்கார்ந்துகொண்டு, திருப்பத் திருப்பக் கூடவே சுற்றும். இறங்கவே இறங்காது. இராட்டினம் ஏறின சந்தோஷம் அதுக்கு. எனக்கும் அப்படித்தான் இருந்தது. தினமும் காலையில் படியேறும்போதே வாய் சிரிக்க ஆரம்பித்துவிடும்.

செல்வநாயகம் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். விழுப்புரத்திலிருந்து பாசஞ்சர் வண்டியில் வருவார். கையில் இட்லி டப்பா. கண்ட்ரோல் ரூம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார், யாரையும் கழற்றச் சொன்னதில்லை, ஆனால் கொஞ்ச நாளில் எல்லாரும் கழற்ற ஆரம்பித்துவிட்டோம். உட்கார மாட்டார். நாற்காலிக்குப் பின்னால் நின்று திரையைப் பார்ப்பார். சிரித்தால் சத்தமே வராது, தோள் மட்டும் குலுங்கும். உத்தரவு என்று ஒன்று அவர் வாயிலிருந்து வந்ததே கிடையாது. "இப்படிப் பண்ணா என்ன ஆகும், சகுந்தலாம்மா?" என்று கேட்பார். அதைப் பண்ணணும் என்று அர்த்தம். பண்ணக்கூடாது என்றாலும் அதே கேள்விதான், குரல் மட்டும் கொஞ்சம் இறங்கும். புதிதாக வருகிறவர்கள் பதில் சொல்ல ஆரம்பித்து மாட்டிக்கொள்வார்கள்.

அவருக்கு ஒரு விஷயத்தில் பிடிவாதம். வந்தவருக்கு இரண்டு நிமிஷம் என்றால் இரண்டு நிமிஷம். அவர் வானத்தைப் பார்க்கட்டும், சேற்றைப் பார்க்கட்டும், நடுவில் பிடுங்கக்கூடாது. வீடுகள் பக்கம் திரும்பினால் மட்டும்தான் பிடுங்கலாம், அதற்கும் அங்கே கருப்பு மறைப்பு போட்டிருந்தது. நிலையத்துக்கே தலைவர், ஆனால் அவருக்கு ஏரியைப் பார்க்க ஆசை வந்தால் தன் போனில் பொதுஜனங்களோடு வரிசையில் நிற்பார். "சார், நான் திருப்பிக் காட்டுறேனே" என்றால், "எனக்கு முன்னாடி மூணு பேர் இருக்காங்கம்மா" என்பார்.

காசியம்மா கேஸுக்கு வருகிறேன். கோபுரத்துக்கு அடியிலேயே காசியம்மாவின் மல்லாட்டைக் கொல்லை. எங்கள் பக்கம் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்றும், மேட்டு நிலத்துக்குக் கொல்லை என்றும் பேர். சொந்த நிலம், தானே ஏர் பிடித்து, தானே களை எடுத்து, வருஷத்துக்கு அதுதான் அவருக்குச் சோறு. என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், குரல் ஏரியைத் தாண்டிக் கேட்கும். நான் அவரை நேரில் பார்த்ததே இல்லை. திண்டிவனத்து மாடியிலிருந்து தினமும் திரையில் பார்ப்பேன், தலையில் முண்டாசு கட்டிக்கொண்டு குனிந்து நிமிர்கிற ஒரு அம்மா. கேமராவின் வீடு என்று சொன்னேனே, அது சரியாக அவர் கொல்லை. முன்னால் பச்சை, பின்னால் தண்ணீர், பார்க்க லட்சணமாக இருக்கும் என்று யாரோ அமைத்தது.

சுற்றியிருக்கும் நிலத்துக்காரர்களுக்கு மாசம் ஒரு தடவை போன் பண்ணி விசாரிப்பது எங்கள் வழக்கம். அந்த மாசம் சார், "பார்க்கிறவங்க எழுதுன நல்ல வார்த்தையைப் படிச்சுக் காட்டினா என்ன ஆகும்?" என்றார். நானும் உற்சாகமாக ஆரம்பித்தேன்.

"காசியம்மாக்கா, உங்க கொல்லை எத்தினி பேருக்குப் புடிச்சிருக்குது தெரியுமா? யாரும் திருப்பலன்னா கேமரா உங்க கொல்லையைத்தான் பார்த்துக்கினே இருக்கும். ஒருத்தர் எழுதியிருக்காரு, இவ்ளோ பச்சையா ஒரு நிலத்தை என் ஜென்மத்துல பார்த்ததில்லன்னு. இன்னொரு அம்மா, செடி ஒவ்வொண்ணும் கொழுகொழுன்னு குழந்தையாட்டம் இருக்குன்னு எழுதியிருக்காங்க."

அந்தப் பக்கமிருந்து, "போனை வையி" என்று ஒரு வார்த்தை.

ஐயையோ! நான் இந்த ஜில்லாவிலேயே பிறந்து வளர்ந்தவள். குழந்தையைக் கொழுகொழு என்று யாராவது சொல்லிவிட்டால், அவர் தலை மறைந்ததும் உப்பும் மிளகாயும் எடுத்துச் சுற்றிப் போட்டுவிட்டுத்தான் எங்கள் வீட்டில் அடுத்த வேலை. விளைகிற பயிரை விளைகிறது என்று வாய்விட்டுச் சொல்லுவோமா? நான் ஊர்க்கண்ணை இல்லை, உலகத்துக் கண்ணையே எடுத்துக் கணக்கு ஒப்பிக்கிற மாதிரி அந்த அம்மாவின் காதில் போட்டுவிட்டேன்.

ரொம்ப நாள் ஆகவில்லை, அவரே கூப்பிட்டார். "ஏம்மா, அன்னிக்கு இன்னா வாய் வெச்ச? செடியெல்லாம் மஞ்ச பூத்துப் போச்சு. பூ எடுத்துக் காய் புடிக்கிற நேரம். பக்கத்துக் கொல்லைங்க எல்லாம் பச்சைப் பசேல்னு கீது, என்துல மட்டும் மஞ்ச. நான் இன்னா பண்ணேன் உங்களுக்கு?"

திரையில் கிட்டே இழுத்துப் பார்த்தேன். மஞ்சள்தான்.

அன்றைக்கே கேமராவின் வீட்டைத் தண்ணீர்ப் பக்கம் மாற்றினோம். பிரவீன், "கொல்லை மேல கருப்பு மறைப்பு போட்டுடலாம் மேடம், வீடுங்களுக்குப் போட்ட மாதிரி" என்றான். நானும் அதைப் போனில் சொல்லித் தொலைத்தேன். காசியம்மா கத்தின கத்தலில் காதிலிருந்து போனை எடுத்துவிட்டேன். "உசிரோட இருக்கிற கொல்லைக்குக் கருப்பு போர்த்துவியா? அதுக்கு முன்னாடி பார்த்த கண்ணெல்லாம் எங்க போவும்? சும்மா பேஜாரு பண்ணாத!"

இரண்டு நாள் கழித்துக் காலையில் கேமராவைத் தலையாட்டி, ஒரு சுற்று சுற்றினேன். தூக்கிவாரிப் போட்டது. கொல்லை நடுவில் ஒரு திருஷ்டிப் பொம்மை. வைக்கோல் உடம்பு, கட்டம் போட்ட சட்டை, தலைக்குக் கவிழ்த்த கரிச்சட்டி, சுண்ணாம்பில் முட்டைக் கண், கோரைப் பல், முழ நீளத்துக்குத் தொங்குகிற சிவப்புத் துணி நாக்கு. சாதாரணமாக ரோட்டைப் பார்த்து வைப்பார்கள். காசியம்மா நேராகக் கேமராவைப் பார்த்து வைத்திருந்தார்.

அப்புறம் நடந்ததை என்னவென்று சொல்ல! அதுவரை ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் பொம்மையைப் பிடித்துக்கொண்டார்கள். வரிசை நீண்டுகொண்டே போனது. வந்தவுடன் கொல்லைப் பக்கம் திருப்புவார்கள், நாக்குவரை கிட்டே இழுப்பார்கள், இரண்டு நிமிஷமும் அங்கேயே. யாரோ அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்துவிட்டார்கள். விடிந்தால், "மாப்பிள்ளை சௌக்கியமா?" காற்று அடித்து நாக்கு ஆடினால், "மாப்பிள்ளைக்கு இன்னைக்குக் குஷி." குளிர் நாட்டு எருமைக்காரர்கூட எருமையை விட்டுவிட்டார். அந்த வாரம் பூநாரை கூட்டம் கூட்டமாக வந்து இறங்கி நின்றது, சீண்ட ஆளில்லை. சார் ஒருத்தர்தான் பூநாரை பார்க்க ஆசைப்பட்டு, மாப்பிள்ளையின் ரசிகர்களுக்குப் பின்னால் வரிசையில் பரிதாபமாக நின்றுகொண்டிருந்தார்.

எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். கீழே கொல்லையில் நிற்கிற காசியம்மாவுக்குக் கேமராவின் வெள்ளை மண்டை நன்றாகத் தெரியும். கண்ணைத் திருப்ப அவர் பொம்மை வைத்தார், கண் நாள் பூராவும் அங்கேயே குத்திட்டு நிற்கிறது. என் மேசையில் பிடுங்குகிற பட்டன் இருந்தது. விரலைக் கொண்டுபோனேன்.

"அதை அழுத்தினா என்ன ஆகும், சகுந்தலாம்மா?" பின்னாலிருந்து இறங்கின குரல்.

"சார், அந்தம்மா அங்க துடிக்கிறாங்க சார்."

"துடிக்கிறாங்க. அதுக்கு வேற வழி பார்ப்போம். அவங்கவங்க ரெண்டு நிமிஷம் அவங்கவங்களுது." கையை எடுத்துக்கொண்டேன். மனசுக்குள் அவரைத் திட்டினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

காசியம்மா கிராம சபையில் மனு கொடுத்துவிட்டார். கேமராவை எடுக்க வேண்டும். ஊர் தீர்மானம் போட்டால் கோபுரம் இறங்கும், கோபுரம் இறங்கினால் நிலையம் மூடும், நான் திரும்பவும் வீட்டில் சீரியல் பார்க்கணும். அதை நினைத்தாலே எனக்கு அழுகை வந்தது. ஆனால் அவருக்கு ஒரு வருஷத்துச் சோறு. எது பெரிசு என்று எனக்கும் தெரியும்.

பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் கூட்டம். சாரும் நானும் போனோம். ஊர் பெயர் சொல்ல மாட்டேன், சண்டைக்கு வருவார்கள். காசியம்மாவை அன்றைக்குத்தான் முதல்முதலாக நேரில் பார்த்தேன். திரையில் தெரிவதைவிடக் குள்ளம். எழுந்து நின்று முந்தானையை இடுப்பில் செருகினார்.

"எங்க ஊர்ல ஒருத்தன் கண்ணு பட்டாலே கொல்லை தாங்காது. இவுங்க உலகத்தையே கூட்டியாந்து வரிசையில நிக்க வெச்சுப் பார்க்க வுடுறாங்க. தலைவரே, நீயே சொல்லு, எந்தச் செடி தாங்கும்?"

ஊராட்சித் தலைவர் தலையைச் சொறிந்தார். "எடுத்துடச் சொல்லிடலாமா, காசியம்மா?"

"எடுத்துட்டா பட்ட கண்ணு போயிடுமா? எனக்குச் செடி பொழைக்கணும். கண்ணு வெச்சவங்க காலடி மண்ணு எடுத்து, உப்பு மொளகாயோட சுத்தி நெருப்புல போடணும். அதான் எங்க வழக்கம். மண்ணு கொண்டாந்து குடுக்கச் சொல்லு. குடுத்துட்டா கேமரா எப்பிடியோ போவட்டும்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. உலகத்துக் காலடி மண்ணுக்கு எங்கே போவது! காசியம்மா சிரிக்கவில்லை, கண் கலங்கியிருந்தது. சிரிக்காத இன்னொருத்தர் செல்வநாயகம் சார். மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"கேட்டுப் பார்த்தா என்ன ஆகும், சகுந்தலாம்மா?"

குரல் இறங்கவில்லை. உத்தரவு.

தலைவர் முடிவு சொன்னார். மண் கொண்டுவந்து சுற்றிப் போடட்டும். அறுவடையில் காய் பிடித்திருந்தால் கேமரா இருக்கட்டும். பிடிக்கவில்லையென்றால் ஊரே சேர்ந்து கோபுரத்தைக் கழற்றும். காசியம்மாவும் சரி என்றார், சாரும் சரி என்றார்.

மறுநாள் எங்கள் இணையப் பக்கத்தில் அறிவிப்பு போட்டோம். அதை எழுதும்போது பிரவீன் நாற்காலியிலிருந்து விழுந்தே விட்டான். "இந்தக் கேமரா வழியாகக் காசியம்மா அவர்களின் மல்லாட்டைக் கொல்லையைக் கண்டுகளித்த அன்பர்கள், தயவுசெய்து தங்கள் காலடி மண்ணில் ஒரு சிட்டிகை தபாலில் அனுப்பவும். வெளிநாட்டு அன்பர்கள் மண் அனுப்ப வேண்டாம், தபாலில் அனுமதி இல்லை." காரணத்தையும் கீழே விளக்கமாக எழுதினோம். யார் அனுப்பப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

அடேயப்பா! தபால்காரர் மூட்டையோடு மாடியேறி வந்தார். கண்டாச்சிபுரம் டீச்சர் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேர் மண்ணையும் பெயர் எழுதிய பொட்டலங்களாக அனுப்பியிருந்தார். திருவாமாத்தூரிலிருந்து ஒருத்தர் கோயில் வாசலில் நின்று எடுத்த மண், கூடவே விபூதி. கெடாரிலிருந்து ஒரு விவசாயி, "நானும் மல்லாட்டை போடுறவன்தான், என் கண்ணு பட்டிருந்தா மன்னிச்சுடும்மா" என்று எழுதியிருந்தார். சென்னை அடுக்குமாடி அம்மா ஒருத்தர், "எங்கள் வீட்டில் மண் கிடையாது, துளசித் தொட்டியில் ஏறி நின்று எடுத்தேன், தொட்டி உடைந்துவிட்டது" என்று எழுதியிருந்தார். வடகம் காயப்போடுகிற அம்மா நேரிலேயே வந்து, கண்ட்ரோல் ரூம் வாசலில் கையை நீட்டி, "இந்தா என்துது" என்று கொடுத்துவிட்டுப் போனார்.

வெளிநாட்டுக்காரர்களுக்கு ஒரே வருத்தம். நாங்களும்தானே பார்த்தோம், எங்கள் கண் மட்டும் என்ன பாவம் செய்தது என்று கேட்டார்கள். கேட்டதோடு நிற்காமல் காலைப் போட்டோ எடுத்து அனுப்பினார்கள். பனியில் நிற்கிற கால், கடற்கரையில் நிற்கிற கால், குண்டுக் கால், ஒல்லிக் கால். எருமைக்காரர் தன் காலோடு அவர் நாயின் காலையும் சேர்த்து அனுப்பியிருந்தார், அதுவும் மடியில் உட்கார்ந்து பார்த்ததாம். எல்லாவற்றையும் கலரில் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமை. திருஷ்டி கழிக்க நல்ல நாள். கண்ட்ரோல் ரூமைப் பிரவீனிடம் விட்டுவிட்டு, சாரும் நானும் பையும் பொட்டலமுமாகக் கொல்லை வரப்பில் போய் இறங்கினோம். காசியம்மா பொட்டலங்களைப் பிரித்து முறத்தில் கொட்டினார். சிவப்பு மண், கருப்பு மண், மணல். ஒவ்வொன்றையும் விரலால் தேய்த்துப் பார்த்தார். "நல்ல மண்ணுல நிக்கிறவங்கதான் எல்லாரும்" என்று முணுமுணுத்தார். முகம் கொஞ்சம் இளகியது.

போட்டோக்களைப் பார்த்ததும், "இது இன்னா கூத்து?" என்றார். விளக்கினேன். பனியில் நிற்கிற காலின் போட்டோவை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். "இப்பிடி வெளுத்துக் கெடக்குதே, சோறு கீறு துண்றாங்களா இல்லியா? சரி, போட்டோவுக்கு ஏது மண்ணு?" கொஞ்சம் யோசித்தார். அப்புறம் அத்தனை போட்டோவையும் வரப்பில் கால் கீழே படுகிற மாதிரி கவிழ்த்து வைத்து, உள்ளங்கையால் அழுத்தி, எடுத்துவிட்டு, அந்த இடத்து மண்ணைக் கிள்ளி முறத்தில் போட்டார். "மிதிச்சாச்சு இல்ல? அவ்ளோதான்." நாயின் காலுக்கும் தனியாக ஒரு கிள்ளு.

சார் தோள் குலுங்க ஆரம்பித்துவிட்டது. வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"முடிஞ்சுதா?" என்றேன்.

"எங்க முடிஞ்சுது? எல்லாரையும் வுட அதிகமாப் பார்த்தவ யாரு?" இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். "காலைல வந்து ரெண்டு தடவை தலையாட்டிட்டுப் பார்க்க ஆரம்பிப்பியே, அது நீதான? நான் கீழ நின்னுக்கினு பார்க்கிறேன்னு தெரியாதா உனக்கு? எத்தினி நாளா பார்த்துக்கினு இருக்கிற, ஒரு நாளு கொல்லையில கால் வெச்சியா? செருப்பக் கழட்டு."

நான் அவரைப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன், அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்! செருப்பைக் கழற்றி வரப்பிலிருந்து இறங்கினேன். மண் சூடாக, பொலபொலவென்று இருந்தது. தினமும் பார்த்த மண், முதல் தடவையாகக் கால் பட்டது. சொன்னால் சிரிப்பீர்கள், ஒரு குதி குதிக்கணும் போல இருந்தது. காசியம்மா குனிந்து என் பாதத்தடியில் மண்ணெடுத்தார். கிள்ளவில்லை, ஒரு கை அள்ளினார். பாதியை முறத்தில் போட்டு, மீதியைக் கொட்டாங்கச்சியில் வைத்து மூடினார். "உனக்கு ஒரு தடவை பத்தாது. கையில இருக்கட்டும்."

கொல்லையைச் சுற்றி வந்து, உப்பும் மிளகாயும் மண்ணும் சேர்த்து நெருப்பில் போட்டார். திருஷ்டி இருந்தால் மிளகாய் நெடி வராது என்பது உங்களுக்குத் தெரியும். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். காற்று எங்களிடமிருந்து ஏரிப் பக்கம் வீசியது. நெடி இல்லை. "பார்த்தீங்களா! எத்தினி கண்ணு!" என்றார் காசியம்மா. கெட்ட நேரம், சார் நின்றிருந்தது ஏரிப் பக்கம். அவர் முகம் சிவந்தது, கண்ணில் தண்ணீர் கொட்டியது. கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு, கல்யாண வீட்டில் நடக்கிற மாதிரி நிதானமாகக் கோபுரத்துக்குப் பின்னால் போய் மறைந்தார். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து ஒரு இருமல் வெடித்தது பாருங்கள்!

காசியம்மா திரும்பவே இல்லை. "ஆடு ஏதோ இருமுது" என்றார்.

கடைசியில் கற்பூரத்தை ஏற்றிக் கோபுரத்தடியில் நின்று, அண்ணாந்து கேமராவுக்கும் மூன்று சுற்று சுற்றினார். "அத்தினி பேரு கண்ணும் இது வழியாத்தான வருது, பாவம்." அந்த நேரத்தில் யார் கையில் இரண்டு நிமிஷம் இருந்ததோ தெரியாது, கேமரா மேலும் கீழும் தலையாட்டியது.

நடுவில் வேளாண்மை ஆபீசில் கேட்டு, இரும்புச் சத்துக்கு அன்னபேதி உப்பு கரைத்துத் தெளிக்கச் சொல்லி சார் ஒரு யோசனையும் சொல்லியிருந்தார். காசியம்மா அதையும் தெளித்தார். மழையும் இரண்டு தடவை பெய்தது. மஞ்சள் மெல்ல மெல்லப் பச்சையானது. எது வேலை செய்தது என்று என்னைக் கேட்காதீர்கள். எழுதினவர்கள் யாரும் பச்சை என்று எழுதவில்லை. எல்லாரும் கற்றுக்கொண்டுவிட்டார்கள், "இன்னைக்கும் சுமார்தான்" என்று எழுதினார்கள்.

அறுவடை நாள். ஊரே வரப்பில் நின்றது. மேலே கேமரா, பின்னால் வரிசையில் எத்தனை பேரோ. பச்சை இலையை வைத்து மல்லாட்டையை நம்ப முடியாது, காய் மண்ணுக்குள் இருக்கிறது. காசியம்மா குனிந்து ஒரு செடியைக் கொத்தாகப் பிடித்துப் பிடுங்கினார். மண்ணை உதறினார். வேரைத் திருப்பி ஒரு பார்வை பார்த்தார். பார்த்தவுடனே வெடுக்கென்று முந்தானையால் போர்த்தி மூடிவிட்டார். எங்களுக்கும் காட்டவில்லை, கேமராவுக்கும் காட்டவில்லை.

"காய் எப்பிடிம்மா இருக்குது?" தலைவர் கேட்டார்.

காசியம்மா முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டார். ஆனால் உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போனது.

"சுமாரா இருக்குது."

அவ்வளவுதான்! வரப்பு முழுக்க ஒரே விசில். சுமார் என்றால் என்னவென்று அந்த ஊரில் தெரியாதவர் யார்? உண்மையிலேயே சுமாராக இருந்திருந்தால் அவர் போட்ட சத்தத்தில் ஏரிப் பறவையெல்லாம் பறந்திருக்கும். தலைவர், "சரி, அப்போ கேமரா இருக்கட்டும்" என்று துண்டை உதறித் தோளில் போட்டார். நான் சாரைப் பார்த்தேன். தோள் குலுங்கியது, இந்தத் தடவை கொஞ்சம் சத்தமும் வந்தது. மறுநாள் ஒரு குண்டான் வேக வைத்த மல்லாட்டை கண்ட்ரோல் ரூமுக்கு வந்து சேர்ந்தது. ஒவ்வொரு காயும் வெடிக்கிற மாதிரி இருந்தது. நாங்களும் வாயைத் திறக்காமல் தின்றோம்.

அப்புறம் என் ஓய்வு வயது வரைக்கும் அந்த நாற்காலிதான். இப்போது நானும் பொதுஜனம். காலையில் போனைத் திறந்து வரிசையில் நிற்கிறேன். பிரவீன் சில நாள், "மேடம், உங்களை முன்னாடி உட்டுடட்டுமா?" என்று கேட்பான். வேண்டாம் என்பேன். என் இரண்டு நிமிஷம் வந்ததும் முதலில் மேலும் கீழும் இரண்டு தலையாட்டல், பழக்கம் விடவில்லை. அப்புறம் கொல்லைப் பக்கம் திருப்புவேன்.

நேற்று அப்படித் திருப்பினேன். முண்டாசு நிமிர்ந்தது. கேமராவைப் பார்த்தது. இடுப்பிலிருந்து போனை எடுத்தது. என் கையிலேயே மணி அடித்தது.

"நீதான அது? வேலையெல்லாம் உட்டுட்டியே, எப்பிடி இருக்கிற?"

"சுமாரா இருக்கிறேங்க்கா" என்றேன்.

காசியம்மா சிரித்தார். திரையில் அந்தச் சின்ன உருவம் குலுங்குவது தெரிந்தது.

"அப்பிடிச் சொல்லு. இந்தா, கொட்டாங்கச்சியில உன் காலு மண்ணு தீந்து போச்சு. விதை போட்டாச்சு, செடி மொளைக்கிறதுக்குள்ள ஜல்தி வந்து மிதிச்சுட்டுப் போ."